வலைஞர் யாகப்பரும் வாள்வீரர் சந்தியோகுமையோரும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் கடலோரத்திலே, கரைவலை இழுத்து ஓய்ந்த வேளையில், மணலிற் குந்தியிருந்து கிழிந்த கண்ணிகளைப் பொத்திக்கொண்டிருக்கும் தொழிலாளரைக் கண்டவர்களுக்கு விவிலியத்தின் ஒரு பகுதி உரையாசிரியரின் உதவியின்றியே விளங்கிவிடும். கலிலேயாக் கடலோரத்தில் செபதேயுவின் மக்களான யாகப்பரும் அருளப்பரும் படகிலிருந்து வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோதுதான் இயேசு அவர்களை அழைத்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவர்கள் தம் தந்தையைக் கூலியாட்களுடன் படகில் விட்டுவிட்டு அவர் பின்னே சென்றார்கள் என்றும் அவர் சொல்லத் தவறவில்லை. பிரசங்கம் செய்வோர் பெரும்பாலும் இந்தக் கூலியாட்களைத் தாண்டிப் போய்விடுவர். நம்மால் அவ்வாறு தாண்ட முடியவில்லை. செபதேயுவிடம் கூலிக்கு ஆட்கள் இருந்தார்களென்றால், கற்பிட்டியார் மொழியிற் சொல்வதானால் அவர் ஒரு சம்மாட்டி. யாகப்பர் சம்மாட்டி வீட்டுப் பிள்ளை. உடைமையை விட்டு எழுந்து போனார் என்று நாம் அவரைப் போற்றும்போது, அந்த உடைமை யாருடைய உழைப்பில் நிலைத்தது என்பதையும் நூலே ஒரு சொல்லாற் காட்டிவிடுகிறது.

இந்த யாகப்பரைத்தான் போர்த்துக்கேயர் சந்தியாகு என்றனர். அதே பெயருடைய மற்றொரு அப்போஸ்தலரிலிருந்து வேறுபடுத்துவதற்காகப் 'பெரியவர்' என்னும் பொருள்படும் 'மையோர்' என்ற அடைமொழியையும் சேர்த்தனர். நம் முன்னோர் இரண்டையும் ஒட்டிச் சந்தியோகுமையோர் ஆக்கினார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் சந்தியாகப்பர் என்பார்கள். பெயர்கள் பலவாயினும் ஆள் ஒருவர் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இப்பெயரோடு இரண்டு உருவங்கள் நம் கரைக்கு வந்து சேர்ந்தன என்பதே நமது வாதம். ஒன்று வலை பொத்தியவரின் உருவம். மற்றொன்று வெண்குதிரை மீதமர்ந்து, ஓங்கிய வாளோடு, குதிரைக் குளம்பின் கீழே 'மூர்'களின் தலைகளை மிதித்து நிற்பவரின் உருவம். மூர்கொல்லி என்றே ஸ்பானியர் அவருக்குப் பட்டம் சூட்டினர். கத்தோலிக்க மீனவரும் முஸ்லிம் மக்களும் அடுத்தடுத்த ஊர்களில், சில இடங்களில் அடுத்தடுத்த வேலிகளில், வாழும் புத்தளக் கரையிலே இவ்விருவரில் எவரை நாம் நம்முடையவராகக் கொள்வது? இது இறையியலாருக்கு மட்டும் உரிய வினா அன்று. கூத்தும் அம்மானையும் மக்களின் மனத்தை உருவாக்குகின்றன என்று நம்புகிறவர்கள் யாவரும் கேட்கவேண்டிய வினா.

முதலிலே நூலில் உள்ளவரைப் பார்ப்போம். புதிய ஏற்பாடு யாகப்பரைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். சொல்வதும் அவரைப் பெருமைப்படுத்துவதாக இல்லை. இடியின் மக்கள் என்று அவருக்கும் தம்பிக்கும் இயேசு இட்ட பெயர் அவர்களுடைய முன்கோபத்தையே குறித்திருத்தல் வேண்டும். இயேசுவின் ஆட்சியிலே தமக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் வேண்டுமென்று கேட்டவர்கள் இவர்கள். பெரியவனாக விரும்புகிறவன் பணியாளனாக இருக்கட்டும் என்ற கருத்தே அவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தது. 'மையோர்' என்னும் அடைமொழியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவாறு சிரிப்பு வருகிறது.

இவற்றினும் முக்கியமானது லூக்கா கூறும் ஒரு நிகழ்ச்சி. எருசலேமுக்குப் போகும் வழியில் சமாரியரின் ஊரொன்று இயேசுவுக்குத் தங்க இடம் கொடுக்க மறுத்தது. சமாரியர் யூதருக்கு அயலவர். ஒரே மூதாதையரைச் சொல்லிக்கொண்டவர்கள், ஆனால் வழிபடும் மலையும் வழிபாட்டு முறையும் வேறு. வானத்திலிருந்து நெருப்பை இறக்கி இந்த ஊரைச் சுட்டெரித்துவிடலாமா என்று கேட்டவர்கள் யாகப்பரும் அருளப்பருமே. இயேசு திரும்பி நின்று அவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு எல்லாரும் வேறோர் ஊருக்குப் போனார்கள். அவ்வளவுதான் கதை. வேற்றுச் சமயத்தாரின் ஊரை எரிக்க விரும்பியவர் இந்த அப்போஸ்தலர் என்பதும், அந்த விருப்பத்துக்காகத் தம் ஆசானிடம் ஏச்சு வாங்கியவர் என்பதும் ஒரே இடத்தில் பதிவாகியிருக்கின்றன.

அவருடைய முடிவும் நமக்குத் தெரியும். ஏறத்தாழக் கி.பி. 44இல் ஏரோது அக்கிரிப்பா அரசன் அவரை வாளால் வெட்டுவித்தான். பன்னிருவருள் தம் கொள்கைக்காகக் கொலையுண்ட முதல்வர் அவர். ஆகவே, அவருடைய வரலாற்றில் வாள் ஒன்று உண்டு என்பது மெய்யே. ஆனால் அது அவர் கையில் இருந்த வாள் அன்று. அரசின் கையிலிருந்து அவர் கழுத்துக்கு வந்த வாள்.

இந்த மனிதர் எவ்வாறு குதிரை ஏறினார்? அவர் ஸ்பெயினிலே போதித்தார் என்ற செய்தி ஏழாம் நூற்றாண்டளவில்தான் ஏடுகளிலே தலைகாட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், தியோதோமிர் என்ற ஆயர் காலத்தில் அவரது கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அவ்விடமே பின்னர் கொம்பொஸ்தெலா என்ற பெருந்தலமாயிற்று. ஸ்பெயினின் பெரும்பகுதி அப்போது முஸ்லிம் அரசரின் ஆட்சியில் இருந்தது. வடக்கே ஒடுங்கியிருந்த சிறு கிறிஸ்தவ அரசுகளுக்கு ஒரு கொடி வேண்டியிருந்தது, கல்லறை கொடிக்கம்பமாயிற்று. 844இல் கிளாவிஹோ என்னுமிடத்திலே இராமிரோ மன்னனுக்குத் துணையாக அப்போஸ்தலர் வெண்குதிரை மீது தோன்றி மூர்ப்படையை வெட்டி வீழ்த்தினார் என்பது கதை. அக்காலத்துக்கு அணித்தான வரலாற்றேடுகள் அப்படியொரு போரையே அறியா. அதை விரித்துரைக்கும் சாசனம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே புனைந்து எழுதப்பட்டது என்பது இன்று ஆராய்ச்சியாளர் ஒப்பிய முடிவு.

அந்தப் பொய்ச் சாசனம் எதற்காக எழுதப்பட்டது என்பதை நம் வாசகர் கவனித்தல் வேண்டும். வெற்றிக்கு நன்றியாக, உழவர்கள் ஆண்டுதோறும் விளைச்சலிலிருந்து ஓர் அளவு தானியமும் திராட்சை மதுவும் கொம்பொஸ்தெலாக் கோயிலுக்கு அளக்கவேண்டுமென்று மன்னன் நேர்ந்துகொண்டதாக அது கூறுகிறது. நடக்காத போருக்கு நன்றிக்கடன் செலுத்தியவர்கள் அப்போரைக் காணாத குடியானவர்கள்! பல நூற்றாண்டுகள் அவர்கள் அதனை அளந்தார்கள். 1812இல் காடிஸ் நகரிலே கூடிய நாடாளுமன்றம் அவ்வரியை நீக்கிற்று. மன்னராட்சி மீண்டபோது வரியும் மீண்டு, பின்னரே முற்றாக ஒழிந்தது. குதிரையின் குளம்படியில் மூர்களின் தலைகளை மட்டும் வரைந்த ஓவியர்கள் அதன் சேணத்திற் கட்டியிருந்த தானிய மூட்டையை வரையாது விட்டுவிட்டார்கள்.

பின்பு அக்குதிரை கப்பலேறியது. பெரு நாட்டிலே காலின் கீழ்க் கிடந்தவர்கள் செவ்விந்தியர் ஆனார்கள், மூர்கொல்லி இந்தியர்கொல்லியானார். வெல்லப்பட்ட அம்மக்களோ அவரைத் தம்முடைய இடித்தெய்வமாகிய இல்லாப்பாவுடன் ஒன்றாக்கித் தமக்குள் இழுத்துக்கொண்டார்கள். அடக்கப்பட்டோர் அடக்கியவனின் தெய்வத்தை என்ன செய்கிறார்கள் என்பது தனியே ஆராயத்தக்க பொருள். இருபதாம் நூற்றாண்டிலும் அக்குதிரை ஓயவில்லை. 1936இல் குடியரசுக்கு எதிராகக் கிளம்பிய பிராங்கோ, 1937இல் சந்தியாகுவை நாட்டின் காவலராக மீண்டும் பிரகடனம் செய்தார். அவருடைய படையின் முன்னணியில் நின்றவர்களோ மொரோக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட முஸ்லிம் சிப்பாய்கள். மூர்களைக் கொன்றவரின் பெயரைச் சொல்லி, மூர்களைக் கொண்டு, ஸ்பானியத் தொழிலாளரையும் உழவரையும் கொன்ற அந்த வித்தையை எந்த நாடகாசிரியனும் கற்பனை செய்திருக்க மாட்டான். சமயப் பகை என்று மேடையிலே முழங்குவது வேறு, திரைக்குப் பின்னே கணக்கு எழுதப்படுவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் கரைக்கு வருவோம். 1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயர், தாம் எதிர்பார்த்த கறுவா வாணிகத்திலே முன்னமே ஈடுபட்டிருந்த முஸ்லிம் வணிகரைக் கண்டனர். அவர்களை எப்படி அழைப்பது என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஐபீரியப் போர்களிலே பழகிய சொல் நாவிலே தயாராக இருந்தது: மூர். ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையில் வாழ்ந்தோரைக் குறித்த அச்சொல், அம்மூலையை ஒருபோதும் கண்டிராத, தமிழைப் பேசிய, கற்பிட்டியிலும் புத்தளத்திலும் பிறந்து வளர்ந்த மக்கள்மீது ஒட்டப்பட்டது. ஆங்கிலேயர் அதைக் குடிசன மதிப்பீட்டு ஏட்டில் ஏற்றினர். தமிழில் நாம் சோனகர் என்று எழுதுகிற இடத்தில் ஆங்கில ஏடுகள் இன்றும் மூர் என்றே எழுதுகின்றன. சந்தியாகுவின் குதிரைக்கு அடியிற் கிடந்தவனின் பெயரும், இந்தக் கரையிலே கருவாடு வாங்க வருகிற வியாபாரியின் இனப்பெயரும் ஒன்றாகிப் போன கதை இதுதான்.

சொல் மட்டும் வரவில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்றினர். அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தவன் கண்டியரசன் செனரத், ஒரு பௌத்தன்.

இச்சூழலிலேதான் சந்தியோகுமையோர் அம்மானை பிறந்தது. தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647ஆம் ஆண்டில் இதனைப் பாடினார். கிளாலியிலுள்ள ஆலயத்தோடு இது தொடர்புடையது. யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போய் 28 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்துவதற்கு இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. ஈழத்துக் கிறிஸ்தவத் தமிழ்ச் செய்யுளின் மிகப் பழைய எச்சங்களுள் ஒன்றென்ற சிறப்பு இந்நூலுக்கு உண்டு.

இத்தகைய நூல்களை நம் விமர்சகர்கள் இரு வகையாக நடத்திவந்துள்ளனர். பண்டித மரபினர் இவற்றைக் கொச்சையென்று ஒதுக்கினர். பக்தி மரபினர் கற்பூரம் காட்டிப் பெட்டகத்தில் வைத்தனர். இரண்டும் படியாமல் விடுவதற்குரிய வழிகளே. நாம் இவ்விரு சாராரோடும் உடன்படவில்லை. அம்மானை மக்களின் வடிவம். பெண்கள் காய் எறிந்து விளையாடிப் பாடிய பாட்டிலிருந்து வளர்ந்து, நீண்ட கதைகளைக் கூட்டமாகக் கேட்பதற்கு ஏற்ற வடிவமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டிலே போர்க்கதை சொல்வதற்கு அது விருப்பத்தோடு கையாளப்பட்டது என்பதற்கு, திருமலை நாயக்கரின் தளபதி சேதுபதிமீது படையெடுத்த கதையைக் கூறும் இராமப்பையன் அம்மானையே சான்று. ஓர் அப்போஸ்தலரைப் பாடப் புகுந்த புலவர் புராண வடிவத்தையோ அந்தாதியையோ எடுக்காமல், படை நடத்திய தளபதியின் கதைக்கு உரிய அதே வடிவத்தை எடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஆள்வோரின் கோட்டைகளில் சந்தியாகு என்ற பெயர் போர்முழக்கமாக ஒலித்த காலம் அது. பேதுருப் புலவரை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பாடினவர் தம் காலத்துக் காற்றைத்தான் மூச்சாக விடமுடியும். ஆனால் அக்காற்றிலே என்ன கலந்திருந்தது என்று கேட்காமல், பழமை, பழமை என்று மட்டும் பாராட்டுவது விமர்சனமாகாது.

கடலோரக் கத்தோலிக்கரின் கூத்து மரபும் இதே பாதையில்தான் வந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வேரூன்றிய கூத்து, கரையோரமாகத் தெற்கே இறங்கிச் சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளை அடைந்து, அங்கே சிங்கள நாடகம என்னும் வடிவத்துக்குத் தாயாயிற்று என்பதை எதிரிவீர சரச்சந்திரர் விளக்கியிருக்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர் தந்த வடிவம் சிங்கள மேடையின் முதுசமாக மாறியதைப் பற்றி நாம் பெருமைப்படலாம். அதே வேளையில், கேரளக் கடற்கரையின் சவிட்டு நாடகத்திலே காறல்மான் கதையில் வரும் துருக்கன் போல, முஸ்லிம் என்றாலே தோற்கப் பிறந்த எதிர்வேடன் என்ற பாத்திரமும் ஐபீரியக் கப்பலில் வந்த சரக்கே என்பதை மறக்கலாகாது. மேடையிலே நல்லவன் முடி தரிக்க, கெட்டவனுக்குத் தலைப்பாகை கட்டிவிடும் வழக்கத்தை விளையாட்டென்று விட்டுவிட முடியாது.

இவ்வளவும் மேலிருந்து வந்தவை. கீழே, மணலிலே, இந்தக் கரை தன் சொந்த வழக்கையும் நடத்தி வந்திருக்கிறது. புத்தளத்து முக்குவர் குலத்திலே ஒரு பகுதியார் இஸ்லாத்தையும் ஒரு பகுதியார் கத்தோலிக்கத்தையும் தழுவினர். மூர் என்று எழுதப்பட்டவனும் சந்தியாகுவின் பக்தனும் ஒரே பாட்டனின் பேரர்களாயிருக்கக் கூடும். கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் இலங்கை பற்றிய விவரத் திரட்டையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, தாம் கிறிஸ்தவராயினும், இந்த முக்குவரின் வரலாற்றையும் சோனகரின் வழக்கங்களையும் அயலவருக்குரிய அக்கறையோடு எழுதிவைத்தார். அவர் நடையிலே குதிரை ஓடவில்லை. அலுவலராக ஊர் ஊராகத் திரிந்தவரின் கால்நடையே தெரிகிறது.

ஒல்லாந்தர் 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றினர். 1667இல் தொடங்கி 1676இல் முடித்த அவர்களுடைய கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. அவர்கள் ஆட்சியிலே கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் இல்லை. நேற்றுவரை அரசனின் மதமாயிருந்தது இன்று ஒளித்துவைக்கவேண்டிய மதமாயிற்று. அந்த நாளிலே கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகள் வந்தார். 1687இல் யாழ்ப்பாணக் கரையில் இறங்கியபோது அவர் போட்டிருந்த வேடம் எது? கூலியாள் வேடம். செபதேயுவின் படகிலே பெயரின்றி விடப்பட்ட அந்த மனிதர்களின் கோலத்திலேதான் இத்தீவின் அப்போஸ்தலர் என்று பின்னாளில் போற்றப்பட்டவர் நம்மிடம் வந்தார். 1690இல் அவர் புத்தளத்துக்கு வந்து ஓராண்டளவில் பணியாற்றினார். புத்தளம் அப்போது கண்டியரசனுடைய நாடு. ஒல்லாந்தரின் கை எட்டாத இடம். 1626இல் சோனகருக்குத் திறந்த கதவு எதுவோ, அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின் கத்தோலிக்கருக்குத் திறந்ததும் அதே கதவுதான். ஒருவரை ஒருவர் வெட்டவேண்டியவர்கள் என்று ஐபீரியக் கதை சொன்ன இரு சாராரும், வெவ்வேறு வெள்ளையரிடமிருந்து தப்பி, ஒரே பௌத்த அரசின் நிழலில் ஒதுங்கினார்கள். புத்தளக் கரையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எத்தனை பேர் இதனைத் தொடக்கமாகக் கொள்கிறார்கள்? வாஸ் அடிகள் 2015 ஜனவரியிலே கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டபோதும் இந்த ஒப்பீடு பெரிதாகப் பேசப்பட்டதாக எமக்கு நினைவில்லை.

யாகப்பரின் திருநாள் யூலை 25; மறுநாள் யூலை 26 அன்னம்மாளின் திருநாள். இந்தக் கரையின் பெருந்தலமான தலவிலவில் கொண்டாடப்படுபவர் அந்த அன்னம்மாள், குதிரையும் வாளுமில்லாத ஒரு கிழவி, மரியாளின் தாய். அங்கே கூடுவோரில் கத்தோலிக்கர் அல்லாதாரும் உண்டு என்பது யாவரும் அறிந்தது. நாட்காட்டியிலே ஒருநாள் இடைவெளியில் நிற்கும் இவ்விருவரில் இந்த மணற்கரையின் மக்கள் கிழவியின் காலடிக்குப் போய்விட்டார்கள். எதிர்க்கரையிலோ இன்னும் வியப்பான செய்தி. இராமேசுவரம் தீவிலே தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பருக்கே ஆலயம் உண்டு. யூலையில் நடக்கும் அதன் திருவிழா இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் கூடும் விழாவாகப் பெயர்பெற்றது. மூர்கொல்லியின் திருநாளுக்கு 'மூர்'களே வந்து நிற்கிறார்கள்! மக்கள் கதையை மறுத்துக் கட்டுரை எழுதுவதில்லை. வாளைக் கழற்றி வைத்துவிட்டுப் புனிதரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இதிலே கோட்பாட்டுக் குழப்பம் எதுவுமில்லை. இயேசுவின் சீடர்களை ஹவாரிய்யூன் என்று பெயரிட்டு, இறைவனின் உதவியாளராகக் குர்ஆன் மதிப்போடு குறிப்பிடுகிறது. யாகப்பர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் யாரைக் கொன்றதாகப் படம் எழுதினார்களோ, அவர்களின் வேதமே அவரைக் கண்ணியப்படுத்துகிறது.

அப்படியானால் பழைய கதையை ஏன் கிளறவேண்டும் என்று கேட்கலாம். கதை பழையதாகவில்லை என்பதுதான் காரணம்.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணித்தியாலங்களுக்குள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1626இல் போர்த்துக்கேயன் செய்ததை, அன்றைய சொல்லைக்கூட அறியாமல், தமிழன் தமிழ் பேசுவோனுக்குச் செய்தான். நம் பெயரால் செய்யப்பட்ட அதனை நாம் பிறர் தலையில் ஏற்றித் தப்பமுடியாது. வெளியேறியவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் எது? மறுபடியும் புத்தளம், கற்பிட்டி. ஓலைக் கொட்டில்களிலே, குடிநீருக்கு வரிசையிலே நின்று, இக்கரையின் வறிய மக்களோடு வறியவர்களாய் ஒரு தலைமுறை வளர்ந்தது. தண்ணீரும் வேலையும் பள்ளிக்கூட இடமும் ஏற்கெனவே பற்றாத ஊர்களிலே பூசல் எழாமல் இருந்ததில்லை. வந்தவரும் இருந்தவரும் ஒரே சமயத்தவராயிருந்தும் பூசல் எழுந்தது. சமயத்தின் பெயரால் எழுதப்படும் சண்டைகளில் தண்ணீர் வாளிக்கு எவ்வளவு பங்குண்டு என்பதை அந்நாட்களை அறிந்தவர் அறிவர்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களையும், கொழும்பு விடுதிகளில் இருந்தவர்களையும் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட தற்கொலையாளர்கள் கொன்றனர். மாண்டவர் 260 பேருக்கு மேல். வானத்து நெருப்பைத் தம் கையாலேயே இறக்கிய வெறியர்கள் அவர்கள். மூன்று வாரம் கழித்து, மே 12இலும் 13இலும், புத்தள மாவட்டத்திலேயே, சிலாபத்தில் தொடங்கிய கலவரத்திலே கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சுத்தொழிலாளி தம் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அக்கும்பலில் எவரும் சந்தியாகுவின் பெயரை அறிந்திருக்கமாட்டார்கள். அறியவேண்டிய தேவையும் இல்லை. ஓர் ஊரார் செய்த குற்றத்துக்கு அவ்வினத்தார் எவரையும் தண்டிக்கலாம் என்ற அந்தத் தர்க்கம், சமாரியரின் ஊருக்கு வெளியே நின்று யாகப்பர் கேட்ட கேள்வியின் தர்க்கமே. ஆண்டவர் அன்று கடிந்துகொண்டார். இங்கே கடிந்துகொள்ள வேண்டிய பொலிஸார் பல இடங்களில் வேடிக்கை பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

அக்காலத்திலேயே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. கொழும்பின் குப்பையைப் புத்தளத்து அறுவைக்காட்டிலே கொண்டுவந்து கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018இலிருந்து மக்கள் தெருவுக்கு வந்தனர். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் புகையையும் முன்னமே கண்டவர்கள் அவர்கள். குப்பை வண்டியும் நிலக்கரித் தூசும் எவரிடமும் சமயம் கேட்பதில்லை. அந்த எதிர்ப்பிலே பள்ளிவாசலும் கோயிலும் ஆலயமும் ஒரே பக்கத்தில் நிற்க முடிந்தது. இதனை நம் எழுத்தாளர் எவராவது சிறுகதையாக்கியிருந்தால் அதைப் படிக்க ஆவலாயிருக்கிறோம்.

கொம்பொஸ்தெலாப் பேராலயத்தில் இருக்கும் மூர்கொல்லியின் சிலையை அகற்றிவிட வேண்டுமென்று 2004இல், மட்ரிட் குண்டுவெடிப்புகளின் பின்னர், ஆலயத்தார் எண்ணினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சிலை தங்கிவிட்டது. இப்போது குதிரைக் காலடியிலே வெட்டுண்டு கிடக்கும் மூர்களின் தலைகள் தெரியாதபடி மலர்களை அடுக்கி வைக்கிறார்கள். நல்ல மனத்தோடு செய்யப்படும் காரியமென்றே கொள்வோம். ஆயினும் பூவின் கீழே தலைகள் இருக்கின்றன. பழைய அம்மானைகளையும் கூத்துகளையும் பதிப்பிப்போர், மேடையேற்றுவோர் பலரும் செய்வது இதுவே. நெருடலான இடத்தில் மலரைத் தூவிவிட்டு அப்பால் நடந்துவிடுகிறார்கள். நாம் வேண்டுவது வேறு. நூலை முழுவதுமாகப் பதிப்பியுங்கள். ஓர் அடியும் வெட்டவேண்டாம். ஆனால் முன்னுரையிலே கிளாவிஹோவின் பொய்ச் சாசனத்தையும், தானியம் அளந்த உழவனையும், 1626ஐயும் எழுதுங்கள்.

கூத்தை ஆடுவோருக்கும் ஒரு சொல். யாகப்பரின் வாழ்விலே நாடகத்துக்கு மிகவும் ஏற்ற காட்சி குதிரைக் காட்சி அன்று. சமாரிய ஊரின் வாசற் காட்சிதான். இடம் மறுக்கும் ஊரார், கோபத்தால் நடுங்கும் சகோதரர் இருவர், திரும்பிப் பார்க்கும் ஆசான், பிறகு இருளிலே அடுத்த ஊரை நோக்கி நடை. எதிர்வேடனே இல்லாத காட்சி. போர் முழுவதும் யாகப்பரின் நெஞ்சிலேயே நடக்கிறது. சிலாபத்துக்குத் தெற்கே, பாட்டன் தமிழிலே செபம் சொன்ன வீடுகளில் பேரன் இன்று சிங்களம் மட்டுமே பேசுகிறான். தமிழ்க் கூத்து அங்கே சிங்கள நாடகம ஆகிய பாதை இன்னும் முற்றாகத் தூர்ந்துபோகவில்லை. அந்தக் காட்சியை இரு மொழியிலும் ஆடலாம். யூலை 25 இரவு, கரைவலை வாடியொன்றின் முன்னே, பெற்றோமாக்ஸ் இல்லாவிட்டால் மின்குமிழ் ஒன்றைக் கட்டிவிட்டு ஆடலாம். பார்வையாளர் வரிசையில் சம்மாட்டியும் இருப்பார், கூலியாட்களும் இருப்பார்கள், மறுநாள் விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு வரவிருக்கும் முஸ்லிம் வியாபாரியும் இருப்பார். தொடக்கக் காட்சியிலே செபதேயுவின் படகில் எஞ்சியிருந்த கூலியாட்களுக்கும் அண்ணாவியார் இரண்டு தருப் பாட்டு எழுதிக் கொடுக்கட்டும்.